நட்பு நாட்டு மன்னரைச் சந்திக்கப் போகும் தலைவரை எப்படித் தயார்செய்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

1945 பிப்ரவரி 14 அன்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. இடம், எகிப்தின் கிரேட் பிட்டர் ஏரியில் நங்கூரம் போட்டு நின்ற யுஎஸ்எஸ் குவின்சி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளம். ஒரு நாற்காலியில் சவூதி மன்னர் அப்துல் அஜீஸ் இப்னு சவூத் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தோளில் போர்த்திய மேலங்கியோடு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். இருவருக்கும் நடுவில் ராணுவச் சீருடையில் ஒருவர், ஒரு காலை மடித்து மண்டியிட்டு, மன்னரை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் கர்னல் வில்லியம் எடி. சவூதியின் ஜெட்டாவில் அமெரிக்காவின் தூதர். அன்றைக்கு மொழிபெயர்ப்பாளரும் அவரே.

ஒரு தலைவரை மன்னரின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கும் வேலை எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். அந்தச் சந்திப்புக்கான ஏற்பாட்டில் ஒரு பாதி அவ்வளவு அருமையாக நடந்தது. மறு பாதி நடக்கவே இல்லை. மரியாதைக்கான தயாரிப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பேச வேண்டிய விஷயத்துக்கு அதிபர் தயாராகாமலே போனார். இந்த வழிகாட்டி இரண்டு பாதியையும் பற்றியது. ஒரு தலைவரின் அலுவலகத்தில் குறிப்பு எழுதுகிறவர், வெளியுறவுப் பணிக்குப் படிக்கிறவர், கல்லூரியில் மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்துகிறவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: மன்னர் ஆள்கிறாரா என்று பாருங்கள்

எல்லா மன்னரும் ஒன்றல்ல. ஜப்பான் பேரரசருக்கு அரசாங்கம் சார்ந்த அதிகாரம் எதுவும் இல்லை என்று அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. அவரிடம் உங்கள் தலைவர் வர்த்தக வரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பேரரசருக்குத்தான் சங்கடம். பதில் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. பிரிட்டிஷ் மன்னரும் அரசியல் விஷயத்தில் தன் அமைச்சர்களின் ஆலோசனைப்படிதான் பேசுவார். அங்கே சந்திப்பின் பலன் உறவில் ஒரு இதம் கூடுவதுதான். பேரம் பேச வேண்டியது பிரதமரிடம்.

ஜோர்டானில் கதை வேறு. பிரதமரை நியமிப்பதே மன்னர்தான். சவூதியில் மன்னரே நெடுங்காலம் பிரதமராகவும் இருந்தார். 2022 செப்டம்பரில் அந்தப் பதவி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானிடம் போனது. அதனால் மன்னரோடு அறையில் வேறு யார் இருக்கப் போகிறார்கள் என்பதும் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். பூட்டானில் 2008 அரசியல் சட்டத்துக்குப் பிறகு அரசை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர். ஆனாலும் மன்னர் ஜிக்மே கேசர் நம்கியேல் வாங்சுக்கின் சொல்லுக்கு, முக்கியமாக இந்தியா, சீனா என்று வரும்போது, பெரிய கனம் உண்டு.

இதை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "இவரால் முடிவெடுக்க முடியும்" அல்லது "முடியாது". மற்ற எல்லாமே அந்த வரியைப் பொறுத்துத்தான்.

படி 2: கேட்கப் போவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அதற்கு வரும் பதிலையும் எழுதுங்கள்

குவின்சியில் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரூஸ்வெல்ட், சர்ச்சிலையும் ஸ்டாலினையும் சந்தித்த யால்டா மாநாட்டை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். உடம்பு தளர்ந்துபோயிருந்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் இறந்தே போனார். ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிய யூத அகதிகளை பாலஸ்தீனத்தில் குடியேற்ற மன்னர் சம்மதிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எத்தனையோ பேரைப் பேசியே இணங்க வைத்தவர். இவரையும் நேரில் பார்த்துப் பேசினால் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினார்.

மன்னரின் நிலைப்பாட்டில் ரகசியமே இல்லை. கடிதங்களில் அவர் ஏற்கெனவே திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். நேரிலும் அதையேதான் சொன்னார்: கொடுமை செய்தது ஜெர்மானியர், ஈடும் அவர்கள்தான் செய்ய வேண்டும், அவர்களுடைய நல்ல நிலத்தை யூதர்களுக்குக் கொடுங்கள், ஒரு பாவமும் அறியாத அரபுகள் ஏன் கொடுக்க வேண்டும்? அதிபர் வேறு விதமாகத் திரும்பக் கேட்டார். அதே பதில். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில், முன்னைவிடக் கொஞ்சம் கறாராக.

பேச்சு ஒரு கட்டத்தில் விவசாயம், நீர்ப்பாசனம், மரம் நடுவது என்று திரும்பியது. அதிபருக்கு மிகவும் பிடித்த விஷயங்கள். பாலைவனத்தில் தண்ணீர் வந்தால் என்னவெல்லாம் விளையும் என்று ஆர்வமாகப் பேசினார். மன்னரோ, அந்தச் செழிப்பையெல்லாம் கடைசியில் யூதர்கள்தான் அனுபவிக்கப் போகிறார்கள் என்றால் தனக்கு அதில் ஈடுபாடு எப்படி வரும் என்று சொல்லி, பேச்சைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

பதில் என்ன வரும் என்பது எடிக்குத் தெரியும். கடிதங்களைப் படித்த எவருக்கும் தெரியும். தெரிந்தும் தலைவரின் கையில் "முடியாது என்றால் அடுத்து என்ன" என்ற தாள் இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, நாம் கேட்கப் போவது. இரண்டாவது, அவர் சொல்லப் போகும் பதில். இதை உங்கள் ஆசைப்படி எழுதக் கூடாது. அவர் இதுவரை எழுதியதையும் பேசியதையும் பார்த்து, முடிந்தால் அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். மூன்றாவது, அதைக் கேட்டபின் நம் தலைவர் சொல்லப் போவது. மூன்றாவது வரி எழுத வரவில்லையா? அப்படியென்றால் அந்தக் கேள்வியை மன்னரிடம் நேரில் கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை. தூதர் வழியாக அதிகாரிகள் மட்டத்தில் பேசிப் பார்க்கட்டும். மன்னர் தன் வாயால் ஒரு முறை மறுத்துவிட்டால் அதிலிருந்து அவரால் இறங்கி வர முடியாது. அதிகாரி மறுத்தால் நாளைக்கு வேறு அதிகாரி வருவார்.

இந்த மூன்று வரியைத் தலைவரிடம் காட்டும்போது அவர் முகம் சுளிக்கலாம். "நான் பேசினால் சரியாகிவிடும்" என்பார். தலைவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அந்த நம்பிக்கை இல்லாதவர் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார். அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்காமல், மரியாதையோடு, மன்னரின் பழைய கடிதத்தை எடுத்து முன்னால் வையுங்கள்.

படி 3: மன்னர் என்ற மனிதரைப் பற்றி இரண்டு பக்கம்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாற்பது பக்கக் கோப்பை எந்தத் தலைவரும் விமானத்தில் உட்கார்ந்து படிக்க மாட்டார். பட்டப் பெயர்களையும் பிறந்த தேதியையும் பின்னிணைப்பில் தள்ளுங்கள். இந்த இரண்டு பக்கத்தில் வர வேண்டியவை: அவர் அரியணைக்கு எப்படி வந்தார், அவருடைய வீட்டில் இப்போது நல்லதோ கெட்டதோ என்ன நடக்கிறது, அவருடைய நாட்டுக்கு எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். பூட்டானையே எடுத்துக்கொள்வோம். 1949 ஆகஸ்ட் 8 அன்று கையெழுத்தான இந்திய பூட்டான் ஒப்பந்தத்தில், வெளியுறவு விஷயங்களில் இந்தியாவின் ஆலோசனையின் வழிகாட்டுதலை பூட்டான் ஏற்கும் என்று ஒரு பிரிவு இருந்தது. 2007இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அந்த வாசகம் போய், இரு நாடுகளும் நெருங்கி ஒத்துழைக்கும் என்று ஆனது. அதனால் இந்தியத் தலைவர் ஒருவர் பூட்டான் தலைநகர் திம்புவில் பேசும்போது "வழிகாட்டுவோம்" என்று வாய் தவறிச் சொன்னால், நமக்கு அது ஒரு நல்ல சொல். கேட்கிறவருக்கோ 58 வருடத்துப் பழைய சுமை. 2013 ஜூலையில், பூட்டானில் தேர்தல் நடக்கும் நேரத்தில், சமையல் எரிவாயுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா கொடுத்துவந்த மானியம் நின்றது. அடுப்பு வரைக்கும் தொட்ட விஷயம். அதை ஒரு வரியில் குறித்துவையுங்கள். தலைவர் அதைப் பேச வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் மனதில் அது இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இதே பூட்டானில் சரியாக நடந்ததும் உண்டு. 1958 செப்டம்பரில் நேரு அங்கே போனபோது வண்டி போகும் சாலையே கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக, மலைப்பாதையில் நாள்கணக்கில் குதிரையிலும் யாக்கிலும் பயணம் செய்து பாரோ போய்ச் சேர்ந்தார். கூடவே இந்திரா காந்தியும் போனார். மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக்கின் மக்கள் முன்னால் நேரு சொன்னதன் சாரம் இதுதான்: பூட்டான் சுதந்திர நாடாகவே இருக்க வேண்டும், தனக்குப் பிடித்த வாழ்க்கையைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும், அதுவே எங்கள் விருப்பம். பெரிய அண்டை நாட்டுக்காரர் வாயிலிருந்து சின்ன நாட்டின் மன்னர் எதைக் கேட்க விரும்புவாரோ, அதை அவருடைய மண்ணிலேயே, அத்தனை பேர் கேட்கச் சொன்னார். சாலைகளும் நீர்மின் நிலையங்களும் அதற்குப் பிறகு வந்தவை.

உங்கள் இரண்டு பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் போட்டு இதை எழுதுங்கள்: "இவர் நம்மிடமிருந்து கேட்க ஏங்கும் ஒரு வாக்கியம்".

படி 4: உடம்பு, சாப்பாடு, தொழுகை

எடி கெட்டிக்காரர் என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது. லெபனானின் சைதாவில், அமெரிக்க மதபோதகர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே அரபி பேசியவர். முதல் உலகப்போரில் மரைன் படை வீரராகச் சண்டையிட்டவர். மன்னரை ஜெட்டாவிலிருந்து ஏரிக்குக் கொண்டுவர யுஎஸ்எஸ் மர்ஃபி என்ற போர்க்கப்பல் போனது. மன்னரின் பரிவாரம் மிகப் பெரியது. கப்பலில் இடமோ குறைவு. எடி பேசிப் பேசிக் குறைத்தார், கடைசியில் 48 பேர் ஏறினார்கள்.

அப்புறம் ஆடுகள். தன்னோடு வருகிறவர்கள் எல்லாரும் தன் விருந்தாளிகள், அவர்களுக்கு அன்றன்று அறுத்த கறி போட வேண்டும், கப்பலின் குளிர்பெட்டியில் கிடக்கும் கறி ஆகாது என்றார் மன்னர். வேண்டாம் என்று எடி மறுக்கவில்லை, எண்ணிக்கையைக் குறைத்தார். ஆடுகள் போர்க்கப்பலின் பின்தளத்தில் ஏறின. மாலுமிகளும் தன்னோடு சாப்பிட வேண்டும் என்று மன்னர் சொன்னபோது, கடற்படை விதிப்படி மாலுமிகள் கப்பல் சாப்பாட்டைத் தவிர வேறு சாப்பிட்டால் தண்டனை உண்டு என்று ஒரு காரணத்தைச் சொன்னார். மறுப்பு எடியிடமிருந்தும் வரவில்லை, மாலுமிகளிடமிருந்தும் வரவில்லை. விதியிலிருந்து வந்தது. யாருடைய மனமும் நோகவில்லை. இந்த நுணுக்கத்தை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள்: மன்னரிடம் "முடியாது" என்று சொல்ல நேர்ந்தால், அதைச் சொல்வது ஒரு மனிதராக இருக்கக் கூடாது.

மூடிய அறையில் மன்னர் தூங்க விரும்பவில்லை. மேல்தளத்தில் கூடாரத் துணி கட்டி, கம்பளம் விரித்தார்கள். தொழுகை நேரம் வந்தால் மெக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று கப்பலின் மாலுமி அதிகாரி கணித்துச் சொன்னார். குவின்சியில் அதிபரின் மகள் அன்னா இருந்தார். பெண்கள் இருக்கும் அவையில் மன்னருக்குச் சங்கடம் என்று தெரிந்து, அன்றைக்கு அவர் கெய்ரோவுக்குப் போய்விட்டார். அது அந்தக் காலம், அந்த மன்னர். இன்றைக்கு அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறையில் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே இரு தரப்பும் பேசி முடித்திருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சிகரெட் விஷயம். ரூஸ்வெல்ட் விடாமல் புகைப்பவர். மன்னருக்குப் புகையும் ஆகாது, மதுவும் ஆகாது. மன்னர் முன்னால் அதிபர் ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போகும்போது, தனியாக வந்த லிஃப்டை நடுவில் நிறுத்தி, இரண்டு சிகரெட் புகைத்துவிட்டுப் பிறகு போனதாக எடி எழுதியிருக்கிறார். உலகத்திலேயே பலம் பொருந்திய பதவியில் இருந்தவர், சக்கர நாற்காலியில், சின்ன இரும்புக் கூண்டுக்குள் ஒரு விருந்தாளிக்காக ஒளிந்து புகைக்கிறார். மரியாதை என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, எகிப்தின் ஃபையூம் பாலைவனச் சோலையில் ஒரு ஹோட்டலில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அதே மன்னரைச் சந்தித்தார். மன்னரின் மதம் புகையையும் மதுவையும் தடுக்கிறது என்றால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் சுருட்டும் மதுவும் வேண்டும் என்பது தன் வாழ்க்கை விதி என்று சொல்லிவிட்டு, மன்னர் எதிரேயே புகைத்தார், குடித்தார். அவரே இதை எழுதியும் வைத்திருக்கிறார். மன்னர் நாகரிகமாக ஏற்றுக்கொண்டார்தான். ஆனால் இரண்டு விருந்துகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் உணராமல் இருந்திருப்பாரா?

உங்கள் பட்டியலுக்கு வருவோம். முன்கூட்டியே ஒருவர் அந்த இடத்துக்குப் போக வேண்டும். போய் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாற்காலி எவ்வளவு உயரம், கார் கதவிலிருந்து அறை வரை எத்தனை படிக்கட்டு, காலணியைக் கழற்ற வேண்டுமா, ஏசி எந்தப் பக்கம் வீசுகிறது, மன்னருக்கு எந்தக் காதில் நன்றாகக் கேட்கும், நோன்பு மாதமா, தொழுகை நேரம் குறுக்கிடுமா, நம் தலைவருக்கு மாத்திரை எத்தனை மணிக்கு. அற்ப விஷயங்கள்போலத் தெரியும். மூட்டு வலிக்கிற ஒருவரை முப்பது படி ஏற வைத்துவிட்டு நல்ல மனநிலையில் பேச வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

படி 5: பரிசு

பழைய போர்க்காயங்களால் மன்னருக்கு நடப்பது சிரமமாக இருந்தது. தாங்கள் இருவரும் ஒருவகையில் இரட்டையர் என்று அவர் அதிபரிடம் சொன்னார். சக்கர நாற்காலி இருப்பதால் அதிபர் பாக்கியசாலி, நினைத்த இடத்துக்குப் போக முடிகிறது என்றார். உடனே ரூஸ்வெல்ட் தன்னிடம் இருந்த இன்னொரு நாற்காலியைக் கொடுத்துவிட்டார். மன்னர் நல்ல உயரமும் பருமனும் உள்ளவர், அந்த நாற்காலி அவருக்குப் பயன்பட்டிருக்காது. இருந்தாலும் அதைத் தன் அரண்மனையில் பொக்கிஷமாக வைத்திருந்தார். டிசி-3 விமானம் ஒன்றையும் அதிபர் பரிசளித்தார். ஆனாலும் பேச்சில் நின்றது நாற்காலிதான்.

சர்ச்சில் கொண்டுபோனது வாசனைத் திரவியப் பெட்டி. மன்னர் தரப்பிலிருந்து ரத்தினம் பதித்த வாள்களும் கற்களும் வந்து குவிந்தபோது தன் பரிசு சின்னதாகப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது. அந்த இடத்திலேயே, உலகின் மிகச் சிறந்த காரை அனுப்பி வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார். ரோல்ஸ் ராய்ஸ் வந்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். முன்னால் ஏறி உட்காருவது மன்னரின் வழக்கம். அப்படி உட்கார்ந்தால் ஓட்டுநருக்கு இடப்பக்கம்தான் இடம். அங்கே அது மரியாதைக் குறைவு. அந்தக் காரை அவர் பயன்படுத்தவில்லை என்று எடி சொல்கிறார்.

பரிசைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். எதிர்த்தரப்பு என்ன கொடுக்கப் போகிறது என்பதை அவர்களுடைய அரண்மனை அலுவலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதில் தவறில்லை, எல்லாரும் கேட்பார்கள். நம் தலைவர் வாங்கும் பரிசு அப்படியே அவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் நினைவூட்டுங்கள். இந்தியாவில் அது அரசின் பரிசுக் கருவூலமான தோஷாகானாவுக்குப் போக வேண்டியது.

படி 6: மொழிபெயர்ப்பாளர்

நம்முடைய ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும், மன்னர் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவராக இருந்தாலும்கூட. முக்கியமான இடத்தில் அவர் தன் தாய்மொழிக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் அவர்களுடைய ஆளை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளரைச் சந்திப்புக்கு முந்தின நாள் வரச் சொல்லி உட்கார வைக்காதீர்கள். அந்த மூன்று வரித் தாளை ஒரு வாரம் முன்பே காட்டுங்கள். தலைவரின் பேச்சில் அவருக்கு எங்கே இடறும் என்று கேளுங்கள். பழமொழி, கிரிக்கெட் உவமை, சிலேடை எல்லாம் அங்கேயே வெட்டப்படட்டும். நேரக் கணக்கும் உண்டு: 30 நிமிடச் சந்திப்பு என்றால் மொழிபெயர்ப்புக்குப் பாதி போய்விடும். மீதி 15 நிமிடத்தை இருவரும் பங்கிட்டால் நம் தலைவருக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம். வணக்கமும் நலம் விசாரிப்பும் போக, விஷயத்துக்கு ஐந்து நிமிடம் தேறும். ஐந்து நிமிடத்தில் ஒரு விஷயம்தான் பேசலாம். ஆறு அமைச்சகங்கள் ஆளுக்கொரு பத்தி எழுதி அனுப்பும். அவற்றை அதிகாரிகள் சந்திப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 7: ஒத்திகை

ஒரு மணி நேரம் கேளுங்கள். நாற்பது நிமிடம்தான் தருவார்கள். சரி, அது போதும்.

மன்னராக நடிக்க, அவரைப் பல முறை சந்தித்த பழைய தூதர் ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு ஒரே ஒரு வேலை: மூன்று முறை மறுக்க வேண்டும். முதல் முறை சிரித்துக்கொண்டே. இரண்டாவது, ஒரு கதை சொல்லி. மூன்றாவது, பேசாமல். அந்த மௌனத்தைத் தலைவர் தாங்குகிறாரா என்று பாருங்கள். பேசிப் பழகியவர்களுக்கு மௌனம் நெருப்புமாதிரி. பத்து நொடிக்குள் எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். அப்படி நிரப்பும் சொற்களில்தான் கொடுக்கக் கூடாத வாக்குகள் வெளியே வரும்.

படி 8: வாக்கு

குவின்சியின் மறு பாதி இதுதான். மூன்று முறை மறுப்பைக் கேட்டபின், அதிபர் மன்னருக்கு ஒரு உறுதி கொடுத்தார்: அரபுகளுக்கு எதிராக யூதர்களுக்கு உதவும் எதையும் செய்ய மாட்டேன், அரபு மக்களுக்கு விரோதமான எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன். நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் வரும் பேச்சுகளையும் தீர்மானங்களையும் தன்னால் தடுக்க முடியாது, தான் சொல்வது நிர்வாகத் தலைவராகத் தன் கொள்கையைப் பற்றித்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். எழுதிவைத்த குறிப்பில் இரண்டுமே இருக்கின்றன. ஏப்ரல் 5 அன்று கடிதத்திலும் அதையே உறுதிசெய்தார். ஏப்ரல் 12 அன்று இறந்துவிட்டார். 1948 மே 14 அன்று இஸ்ரேல் உருவான சில நிமிடங்களில், ரூஸ்வெல்ட்டுக்குப் பின் வந்த அதிபர் ட்ரூமன் அதை அங்கீகரித்தார்.

யாராவது பொய் சொன்னார்களா? இல்லை. ரூஸ்வெல்ட் சொன்னது ஒரு பதவிக்காலத்துக்காரரின் சொல். ஒரு நாட்டையே தன் வாளால் சேர்த்துக் கட்டியவருக்கு, தலைவரின் சொல்லும் நாட்டின் சொல்லும் வேறுவேறல்ல. தேர்தலில் வந்தவர் மன்னருக்கு வாக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பள்ளம் நடுவில் இருக்கும். அதனால் தலைவர் எதைத் தரலாம் என்பதை மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள்: இன்றைக்கே தரக்கூடியது, அமைச்சரவையோ நாடாளுமன்றமோ கேட்டுத்தான் தரக்கூடியது, எந்தச் சூழலிலும் சொல்லக் கூடாதது. இரண்டாவது வகைக்கு ஒரு வாக்கியத்தைத் தலைவர் வாயில் பழக்குங்கள்: "இது என் விருப்பம். என் நாட்டின் முடிவாக ஆக இன்ன இன்னது நடக்க வேண்டும்." மொழிபெயர்ப்பாளரும் இதே வாக்கியத்தை மன்னரின் மொழியில் மழுப்பாமல் சொல்லப் பழகட்டும்.

படி 9: குனிவதா, கைகுலுக்குவதா

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பத்திரிகைகள் எழுதும் அளவுக்கு இதில் கனமில்லை. ஆனால் தலைப்புச் செய்தியைத் தின்றுவிடும் என்பதால் விடவும் முடியாது. 2009 ஏப்ரலில் லண்டன் மாநாட்டில் ஒபாமா சவூதி மன்னர் அப்துல்லா முன்னால் குனிந்தமாதிரி தெரிந்த வீடியோ அவருடைய நாட்டில் பெரிய சண்டையானது. 2011 மே மாதம் பக்கிங்காம் அரண்மனை விருந்தில் அவர் வாழ்த்துரை முடியும் முன்பே இசைக்குழு தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டது. அவரோ நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். ராணி என்ற சொல் வந்ததுமே இசை தொடங்கிவிடும் என்று யாராவது ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

அரண்மனை அலுவலகத்திடம் நேராகக் கேளுங்கள்: முதலில் யார் கை நீட்டுவார், எப்படி அழைக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும், கீதம் எப்போது. ஐந்து வரி. தலைவர் குனிய வேண்டுமா என்பதை நம் நாட்டு வழக்கம் தீர்மானிக்கட்டும். இந்தியத் தலைவருக்குக் கைகூப்பி ஒரு வணக்கம் எந்த அரண்மனையிலும் தலைநிமிர்ந்த மரியாதைதான்.

படி 10: கடைசி இருபது நிமிடம்

காரில் போகும்போது புதிய தாள் எதுவும் கொடுக்காதீர்கள். கையடக்கச் சீட்டு ஒன்று மட்டும்: கேட்கப் போவது, சொல்லக் கூடாதது, மன்னர் கேட்க ஏங்கும் வாக்கியம், விசாரிக்க வேண்டிய குடும்பத்தினர் ஒருவரின் பெயரும் அதன் உச்சரிப்பும். போனை வாங்கிவையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பிறகு அமைதியாக இருங்கள்.

படி 11: வெளியே வந்தபின்

குவின்சியில் நடந்ததை எடியும் மன்னரின் ஆலோசகர் யூசுப் யாசீனும் சேர்ந்து ஒரே குறிப்பாக ஆக்கி, இரண்டு தலைவர்களும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். 80 வருடம் கழித்தும் யார் என்ன சொன்னார் என்பதில் நமக்குக் குழப்பம் இல்லாததற்குக் காரணம் அந்தக் காகிதம். நீங்களும் அன்றிரவே எழுதுங்கள். தூங்கி எழுந்தால் வாக்கியங்கள் மழுங்கிவிடும். தலைவர் சொன்னதை அவர் சொல்ல நினைத்தபடி திருத்தாதீர்கள். சொன்னபடியே எழுதுங்கள். மன்னர் எந்த இடத்தில் பேசாமல் இருந்தார் என்பதையும் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் போகட்டும். கொடுத்த வாக்கு எதுவோ அது அதே சொற்களில் அதில் இருக்கட்டும்.

அந்தக் குறிப்பின் ஒரு பிரதியைத் தனி உறையில் போட்டு, தலைவரின் பதவிக்கு அடுத்து வரப்போகிறவருக்கு என்று மேலே எழுதி, அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள். யார் அவர் என்று அப்போது தெரிந்திருக்காது. பதவியேற்ற முதல் வாரத்தில், வாழ்த்துச் சொல்ல அந்த மன்னரின் போன் வருவதற்குள், அவர் கையில் அது போய்ச் சேர வேண்டும்.